சர்க்கரை எங்கும் ஒளிவதில்லை – கல்விக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தலைமையாசிரியர் அவர்களுக்கும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும்,

இந்த ஆண்டு முதல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பருப்பொருள், அணு ஆகிய பாடங்களுக்குச் செய்முறைப் பாடவேளை கிடையாது, ஸ்மார்ட் போர்டில் காணொளி போட்டு வகுப்புக்கு நான்கே பாடவேளையில் முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். மூன்று காரணங்கள் சொல்கிறீர்கள். செய்முறைக்கு நேரம் பிடிக்கிறது. கண்ணாடிச் சாமான்கள் உடைகின்றன. இவ்வளவும் செய்த பிறகும் பாதிப் பிள்ளைகளுக்குச் 'சரியான விடை' வருவதில்லை.

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதும் உண்மைதான். ஆனால் அதன் பழி பிள்ளைகள் தலையில் விழக் கூடாது. அந்தச் 'சரியான விடை'களில் சில தவறானவை. அளவு ஜாடியைக் கையில் பிடித்த பிள்ளை கண்டது சரி, நாம் கரும்பலகையில் எழுதிப்போட்டது தப்பு. காணொளியில் எதுவும் பிசகாது என்பதை நீங்கள் அதன் நிறையாகச் சொல்கிறீர்கள். எங்களுக்கு அதுவே அதன் பெரிய குறை.

சர்க்கரையிலிருந்து தொடங்குவோம். பருப்பொருள் பாடத்தில் வழக்கமாக வரும் முதல் செயல்பாடு இது: பீக்கரில் பாதி தண்ணீர் ஊற்று, மட்டத்தைக் குறி, ஒரு கரண்டி உப்போ சர்க்கரையோ போட்டுக் கலக்கு, மட்டம் உயர்கிறதா பார். எதிர்பார்க்கப்படும் விடை, 'உயரவில்லை. சர்க்கரைத் துகள்கள் நீர்த் துகள்களுக்கு இடையிலுள்ள காலியிடங்களில் போய் உட்கார்ந்துகொண்டன.' சொல்ல எளிது, படம் போடவும் எளிது. ஆனால் மட்டம் உயரத்தான் செய்கிறது.

100 மி.லி பீக்கரின் உள்விட்டம் ஏறத்தாழ 5 செ.மீ. அதில் 5 கிராம் சர்க்கரை கரைந்தால் கன அளவு 3 மி.லி கூடும். உயரத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டர். உப்பென்றால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மட்டத்தைக் குறித்த மார்க்கர் கோட்டின் தடிமனே ஒரு மில்லிமீட்டர் இருக்கும். விடை அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடுகிறது. நாமும் 'மாற்றமில்லை' என்று எழுதவைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம்.

இதையே 100 மி.லி அளவு ஜாடியில் செய்தால் கதை மாறும். 50 மி.லி தண்ணீர், 25 கிராம் சர்க்கரை. கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டபடி அளவு எடுத்தால் குச்சியின் கன அளவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஜாடியின் வாயைப் பாலித்தீன் தாளால் இறுக்கி மூடி, கவிழ்த்துக் கவிழ்த்துக் கரைக்க வேண்டும். அடியில் ஒரு மணிகூட மிஞ்சக் கூடாது. நுரை அடங்க ஐந்து நிமிடம் விட்டு, மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படித்தால் 65 அல்லது 66 மி.லி காட்டும். பதினைந்து மி.லி உயர்வு கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.

சர்க்கரைப் படிகத்தின் அடர்த்தி மி.லிக்கு 1.59 கிராம். 25 கிராம் படிகத்தின் கன அளவு 15.7 மி.லி. அதாவது, கரைந்த பிறகும் சர்க்கரை கிட்டத்தட்ட தன் இடத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. எந்தக் காலியிடத்திலும் போய் ஒளியவில்லை.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது, ஆசிரியர்களே விழுகிற பொறி. சூட்டிகையான பிள்ளை உலர்ந்த சர்க்கரையை முதலில் வேறொரு ஜாடியில் கொட்டி அளக்கும். 25 கிராம் சர்க்கரை அங்கே ஏறத்தாழ 30 மி.லி குறி வரை நிற்கும். ஐம்பதும் முப்பதும் எண்பது வர வேண்டும், வந்ததோ 65. 'பார், 15 மி.லி நீரின் இடைவெளிக்குள் போய்விட்டது' என்று நாம் கைதட்டிவிடுவோம். காணாமல் போன அந்த 15 மி.லி, சர்க்கரை மணிகளுக்கு இடையே இருந்த காற்று. தண்ணீர் உள்ளே போனதும் அது குமிழியாக வெளியேறிவிட்டது. நீருக்குள் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உப்பில் உண்மையாகவே கொஞ்சம் சுருக்கம் உண்டு. 100 மி.லி நீரில் 25 கிராம் உப்பு கரைந்தால் 109 மி.லி அளவில் நிற்கும். உப்புப் படிகத்தின் கன அளவோ 11.6 மி.லி. ஆனால் அதற்கும் 'காலியிடத்தில் உட்காருதல்' காரணமல்ல. உப்பின் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) தங்களைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுக இழுத்து நெருக்கிவிடுகின்றன. எட்டாம் வகுப்பில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. பொய்யைச் சொல்லாமல் இருந்தால் போதும்.

இரண்டு பொருள் கலந்தால் கன அளவு கூட்டிக் கழித்து வராது என்று காட்டத்தான் வேண்டுமென்றால் அதற்கு எத்தனால் என்ற ஆல்கஹால் இருக்கிறது. 50 மி.லி எத்தனாலும் 50 மி.லி நீரும் சேர்ந்தால் 96 முதல் 97 மி.லிதான் வரும். இதிலும் பிசகுகிற இடங்கள் உண்டு. ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றில் ஊற்றும்போது சுவரில் ஒட்டி அரை மி.லி அளவு தங்கிவிடும். அதுவும் 'சுருக்கம்' என்று கணக்கில் ஏறிவிடும். அதனால் முதலில் 50 மி.லி நீரோடு 50 மி.லி நீரையே ஊற்றி, எவ்வளவு குறைகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனால் கலந்ததும் கலவை சூடாகும், கரைந்திருந்த காற்று குமிழி விடும். பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் படிக்க வேண்டும். கை கழுவும் சானிடைசரை வைத்துச் செய்தால் இவ்வளவு வராது. அதில் ஏற்கெனவே நீர் கலந்திருப்பதால் சுருக்கம் வெகுவாகக் குறைந்துவிடும். பக்கத்தில் அடுப்போ தீக்குச்சியோ கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஊதுபத்தி. மேசையில் ஏற்றிவைத்து, மணம் கடைசி வரிசைக்கு எப்போது வருகிறது என்று கேட்டு, 'இதுவே விரவுதல், துகள்கள் இடைவிடாமல் இயங்குகின்றன' என்று முடிக்கிறோம். காற்றில் வாசனை மூலக்கூறுகள் வெறும் விரவலால், அதாவது தாமாகவே முட்டி மோதிப் பரவுவதால், ஐந்து மீட்டர் போக இரண்டு வாரம் போல ஆகும். ஒரு நிமிடத்தில் மணம் வந்ததென்றால் அதைக் கொண்டுவந்தது மின்விசிறியும் சன்னல் காற்றும். வெந்நீரில் பர்மாங்கனேட் படிகம் போடுவதும் அப்படித்தான். சில நொடிகளில் ஊதா நிறம் சுருள் சுருளாக ஏறுவது வெப்பச்சலனம், சூடான நீரின் ஓட்டம். நீரில் விரவல் மட்டும் நடந்தால் ஒரு சென்டிமீட்டர் நகரவே பல மணி நேரம் பிடிக்கும். காணொளிகள் எல்லாம் இந்தச் சுருளைத்தான் அழகாக மெதுவேகத்தில் காட்டுகின்றன, அதற்குப் பெயர் விரவல் என்று எழுதிக்கொண்டு.

உண்மையான விரவலைக் காட்ட நீரோட்டத்தை நிறுத்த வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் சைனா கிராஸ் (கடற்பாசி) போதும். 100 மி.லி நீருக்கு 1 முதல் 1.5 கிராம் எடுத்து, முழுதும் கரையும்வரை கொதிக்கவைத்து, சோதனைக் குழாய்களில் முக்கால் உயரத்துக்கு ஊற்றி உறையவிட வேண்டும். மேலே கேசரிப் பவுடர் கரைசல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு. குழாயின் ஓரத்தில் அளவுகோல் தாளை ஒட்டி, நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறத்தின் விளிம்பைக் குறிக்க வேண்டும். முதல் நாளில் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இறங்கும். இரண்டு சென்டிமீட்டர் இறங்க இரண்டு நாள் என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். நான்கு நாள் ஆகும். இரட்டிப்புத் தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம். நேர்கோட்டில் ஓடுகிற பொருள் இப்படிப் போகாது. திக்குத் தெரியாமல் முட்டி மோதித் தள்ளாடுகிற துகள்தான் இப்படிப் போகும். வெறும் மணத்தையும் நிறத்தையும் பார்த்துவிட்டு வருவதைவிட இந்த ஒரு கணக்கு அணுவுக்கு அருகே கொண்டுபோகிறது. இங்கே பர்மாங்கனேட் வேண்டாம். அது சைனா கிராஸோடு வினைபுரிந்து பழுப்பாகிவிடும். சூட்டில் ஒரு குழாய், குளிரில் ஒரு குழாய் என்று ஒப்பிட விரும்பினால் ஒன்றைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மற்றதை வகுப்பறையிலேயே விடுங்கள்; வெயிலில் வைத்தால் கட்டி இளகாது என்றாலும் ஓரத்தில் விலகி, நிறம் குழாய்ச் சுவரோடு வழிந்து இறங்கும்.

வேதிவினையில் மொத்த நிறை மாறாது என்ற விதிக்கு, அதாவது நிறை மாறாமைக்கு, நாம் காட்டும் பலூன் சோதனை இன்னும் மோசம். வினிகர் பாட்டிலின் வாயில் சமையல் சோடா நிரப்பிய பலூனை மாட்டி, கவிழ்த்து, வாயு வெளியே போகாததால் எடை மாறாது என்கிறோம். பழைய தராசில் அது மாறாததுபோலவே தோன்றியது. இப்போது 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு எளிதாகக் கிடைக்கிறது, குட்டும் வெளிப்பட்டுவிட்டது. 2 கிராம் சோடா அரை லிட்டருக்குச் சற்று மேல் வாயு தரும். பலூன் அவ்வளவு ஊதினால் அவ்வளவு காற்றை விலக்கும். விலகிய காற்றின் எடை 0.6 கிராம். நீரில் மூழ்கிய கல் எடை குறைந்து காட்டுவதுபோலத் தராசில் 0.6 கிராம் குறையும். விதி பொய் என்று பிள்ளை எழுதும். 'காற்று கசிந்திருக்கும்' என்று நாம் சமாளிப்போம்.

பலூனை விட்டுவிட்டுக் குளிர்பானம் வந்த 600 மி.லி பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மி.லி வினிகர். 1 கிராம் சோடாவைச் சிறு மருந்துக் குப்பியில் போட்டு, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, குப்பி நிமிர்ந்து நிற்கும்படி உள்ளே இறக்குங்கள். மூடியை இறுக்கி எடை பாருங்கள். கவிழ்த்து, பொங்கல் அடங்கிய பின் மறுபடி எடை. கடைசி இலக்கம் ஒன்று ஆடலாம், அதற்கு மேல் மாறாது. பிறகு மூடியைத் திறந்து 'புஸ்' என்று வாயு போனபின் எடை பார்த்தால் ஏறத்தாழ 0.4 கிராம் குறைந்திருக்கும். ஒரே பாட்டிலில் மூடியபோது மாறாததும் திறந்தபோது குறைந்ததும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்துவிடுகின்றன. 1 கிராமுக்கு மேல் சோடா வேண்டாம். கண்ணாடி பாட்டில் எக்காரணம் கொண்டும் கூடாது. பழைய மூடி கசியும், விளிம்பில் சோப்பு நீர் தடவிப் பார்த்துவிடுங்கள். எடை பார்க்கும்போது மின்விசிறியை நிறுத்த மறந்தால் முதல் பாதி வகுப்பு தராசோடு சண்டை போடுவதிலேயே போய்விடும்.

ஊசி கழற்றிய 10 மி.லி சிரிஞ்சு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதுதான் குழப்பமே இல்லாத செய்முறை. முனையைக் கட்டைவிரலால் அடைத்து அழுத்தினால் காற்று 10-லிருந்து 5 மி.லிக்கு வரும், ஏறத்தாழ 1.7 கிலோ எடையின் அழுத்தம் போதும். நீர் நிரப்பினால் அசையாது. அசைந்தால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது. முனையை மேலே தூக்கித் தட்டி வெளியேற்றுங்கள். ஆனால் இதைச் செய்த கையோடு பாடத்தின் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். திண்மத்தில் துகள்கள் நெருக்கம், திரவத்தில் நடுத்தர இடைவெளி, வாயுவில் அகன்ற இடைவெளி என்று படிப்படியாக வரைந்திருக்கும். நீரை அழுத்த முடியாததைக் கையால் உணர்ந்த பிள்ளை, திரவத்தில் இவ்வளவு இடைவெளி ஏன் என்று கேட்க வேண்டும். கேட்டால் சரி. திரவத்தின் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நழுவுகின்றன. பனிக்கட்டி உருகினால் கன அளவு குறையவே செய்கிறது, அதனால்தான் அது மிதக்கிறது. பெரிய தாவல் அடுத்த படியில்: 1 மி.லி நீர் கொதித்து ஆவியானால் ஏறத்தாழ 1,700 மி.லி இடம் பிடிக்கும். அப்போதும் மூலக்கூறுகளுக்கு இடைத்தூரம் 12 மடங்குதான் கூடுகிறது. படம் இப்படி வரையப்பட வேண்டும். வரைந்ததை அச்சில் மாற்ற உங்களால் முடியாது என்பது தெரியும். பிள்ளைகள் நோட்டில் மாற்றி வரையலாம் அல்லவா?

அணுவின் படமும் அதே கதை. மூன்று வட்டப் பாதை, நடுவில் எலுமிச்சை அளவு உட்கரு. கார்பன் அணுவின் உட்கருவை 2 மி.மீ கடுகாக வைத்தால் அணுவின் குறுக்களவு 60 மீட்டர். விளையாட்டுத் திடலின் நடுவில் ஒரு கடுகை வைத்துவிட்டு, எல்லைக் கோட்டில் பிள்ளைகளை நிறுத்துங்கள். செலவில்லாத பாடம்.

இனி மொழி. இதைப் பற்றிக் கல்விக் குழுவில் இதுவரை பேச்சே எழவில்லை. தமிழ்வழியில் அணு பாடம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சிக்கல் இது.

துகள் என்றால் தமிழில் பொடி, தூசி. சர்க்கரை மணியும் துகள்தான், மணலும் துகள்தான். 'துகள்களுக்கு இடையே இடைவெளி' என்றதும் பிள்ளை மணற்குவியலைத்தான் நினைக்கும்; மேலே சொன்ன சர்க்கரைப் பொறி இந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. 'இடைவெளியில் என்ன இருக்கிறது' என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலோர் 'காற்று' என்பார்கள். மணலுக்கிடையே காற்றுதானே இருக்கும்.

அணு என்ற சொல்லின் பாடு அதைவிடப் பெரிது. அதே ஆண்டில் உயிரியலில் இரத்தச் சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு எல்லாம் வருகின்றன. அவை செல்கள். ஒரு சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். அதற்குள் பல லட்சம் கோடி அணுக்கள் இருக்கின்றன. செல்லுக்கும் உட்கரு, அணுவுக்கும் உட்கரு. 'அணுவுக்கு உயிர் உண்டா சார்' என்று ஒரு பிள்ளை கேட்டால் வகுப்பு சிரிக்கிறது. சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. நாம் கொடுத்த சொற்களை வைத்து நேர்மையாக யோசித்த கேள்வி. 'அவனன்றி ஓரணுவும் அசையாது' என்று வீட்டில் கேட்டு வளர்ந்த காதுக்கு அணு என்றால் மிகமிகச் சிறியது, அவ்வளவுதான். ஔவையார் பெயரில் வழங்கும் 'அணுவைத் துளைத்து' என்ற வரியை இந்தப் பாடத்தில் சான்றாகச் சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது. குறளின் செறிவைப் புகழ வந்த வரி அது. தமிழ் வகுப்பில் சுவையானது. அறிவியல் வகுப்பில் அணுப் பிளவுக்குச் சான்றாக அதை நிறுத்துவது அறிவியலுக்கும் நல்லதல்ல, ஔவைக்கும் நல்லதல்ல.

காணொளி போதும் என்கிறீர்களே, அதில் இன்னொன்று. தமிழில் தேடினால் இலங்கை ஆசிரியர்களின் தரமான பாடங்களும் வரும். அங்கே தனிமத்துக்கு மூலகம், சேர்மத்துக்குச் சேர்வை, பருப்பொருளுக்குச் சடப்பொருள். நம் நூலில் கன அளவைக் குறிக்கும் 'பருமன்', அங்கே ஓர் அளவின் எண்மதிப்பைக் குறிக்கும். ஆசிரியர் நடுவில் நிறுத்திச் சொல்லாவிட்டால் பிள்ளை இரண்டு சொல்லையும் இரண்டு பொருள் என்று எழுதிவைத்துக்கொள்ளும். நான்கு பாடவேளையில் நிறுத்த ஏது நேரம்?

எல்லாவற்றையும்விட எங்களுக்கு உறுத்துவது, அணு இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை என்பது. வரையறை, படம், பாதைக்கு இத்தனை எலக்ட்ரான் என்ற 2, 8, 8 கணக்கு. முடிந்தது. ஆங்கிலேய வேதியியலாளர் டால்டன் தன் அணுக் கொள்கையை 1808-இல் நூலாக வெளியிட்டபோது அவர் கண்ணால் ஓர் அணுவையும் பார்க்கவில்லை. எடைகளின் விகிதத்தைப் பார்த்தார். அதைக் காட்ட பென்சிலும் தாளும் போதும். செம்புக்கு இரண்டு ஆக்சைடுகள் உண்டு. 8 கிராம் செம்போடு கருப்பு ஆக்சைடில் 2 கிராம் ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது. சிவப்பு ஆக்சைடில் 1 கிராம். ஏன் ஒன்றரையாக இல்லை, 1.37 ஆக இல்லை? மாவு பிசைகிற கலவையானால் எந்த அளவிலும் சேரும். போல்ட்டும் நட்டும் போல எண்ணிச் சேர்வதானால்தான் இப்படி வரும். ஒரு டப்பா போல்ட், ஒரு டப்பா நட் கொடுத்து, ஒரு நட் மாட்டியவை ஒரு தட்டு, இரண்டு நட் மாட்டியவை ஒரு தட்டு என்று எடைபோடச் சொன்னால், எண்ணாமலே எடையிலிருந்து எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பார்கள். டால்டன் செய்ததும் அதுவே. அவர் தவறியதும் இங்கேதான்: நீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று வைத்துக்கொண்டார், ஆக்சிஜனின் அணு எடை பாதியாகிவிட்டது. அந்தச் சிக்கலை அவிழ்க்கும் வழியைக் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் எடுத்துவைக்கும் வரை வேதியியலாளர்களிடையே குழப்பம் தீரவில்லை. பெரியவர்களே அரை நூற்றாண்டு தடுமாறிய இடத்தைப் பிள்ளைகள் அரை பாடவேளையில் தாண்ட வேண்டும் என்கிறோம்.

அதன் பிறகும் அணு வெறும் கணக்குக்கான கற்பனை என்று சொன்ன பெரிய விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்களில் பலரை வழிக்குக் கொண்டுவந்தது தாவரவியலாளர் பிரௌன் 1827-இல் நீரில் மிதந்த நுண்மணிகளிடம் கண்ட நடுக்கம். 1905-இல் ஐன்ஸ்டைன், நீர் மூலக்கூறுகள் முட்டுவதால் வருவது என்று அதற்குக் கணக்கு போட்டார், 1908 முதல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெர்ரன் அளந்து காட்டினார். மகரந்தத் தூளே நடுங்கியது என்று நாம் சொல்லிக்கொடுப்பது சரியல்ல. மகரந்தம் அதற்குப் பெரிது. அதற்குள்ளிருந்து வெளிவந்த நுண்மணிகள் நடுங்கியதைத்தான் பிரௌன் பார்த்தார். நம் ஆய்வகத்தில் உறை போட்டு வைத்திருக்கும் நுண்ணோக்கியில் 400 மடங்கில் இதைப் பார்க்கலாம். பாக்கெட் பால் ஒரு சொட்டு, தண்ணீர் இருபது சொட்டு. கலவையில் ஒரு சிறு துளி, மேலே கவர் ஸ்லிப். ஓரங்களில் வாசலின் தடவி அடைக்காவிட்டால் நீர் ஆவியாகி எல்லா மணிகளும் ஒரே பக்கமாக ஓடும். அது பிரௌன் இயக்கம் அல்ல. அடைத்து இரண்டு நிமிடம் விட்டால் ஓட்டம் நிற்கும். கொழுப்பு மணிகள் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருப்பது தெரியும். வெளிச்சம் அதிகம் வைத்தால் எதுவும் தெரியாது, கீழேயுள்ள துவாரத்தைச் சிறிதாக்க வேண்டும்.

காணொளியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1989-இல் ஐ.பி.எம் ஆய்வகத்தில் 35 செனான் அணுக்களை நிக்கல் பரப்பில் ஒவ்வொன்றாக நகர்த்தி எழுத்துகளாக அடுக்கினார்கள். அதைப் பள்ளியில் செய்ய முடியாது, திரையில் காட்டத்தான் வேண்டும். சர்க்கரையைத் திரையில் கரைக்க வேண்டியதில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

நான்கு பாடவேளை என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். எட்டாம் வகுப்புக்கு இந்த அலகில் பதினோரு பாடவேளை தேவை. அதில் ஆறு, மூன்று இரட்டைப் பாடவேளைகளாக அமைய வேண்டும்: கன அளவுக்கு ஒன்று, நிறை மாறாமைக்கு ஒன்று, நுண்ணோக்கிக்கு ஒன்று. சைனா கிராஸ் குழாயைக் குறிக்க ஐந்து நாளும் பத்து பத்து நிமிடம் போதும், தனிப் பாடவேளை வேண்டாம். 2, 8, 8 அட்டவணையை அலகின் கடைசிக்குத் தள்ளுங்கள். நேரம் இல்லையென்றால் அதைச் சுருக்குங்கள், அளப்பதைச் சுருக்காதீர்கள்.

உடைகிறது என்ற குறைக்கு: 40 பிள்ளைகளை எட்டுக் குழுவாகப் பிரித்தால் 100 மி.லி பாலிபுரொப்பிலீன் அளவு ஜாடி எட்டு, 10 மி.லி சிரிஞ்சு எட்டு, 0.01 கிராம் தராசு இரண்டு, சோதனைக் குழாய் பதினாறு வாங்கித் தாருங்கள். பிளாஸ்டிக் ஜாடி கீழே விழுந்தால் உடையாது. அதில் நீர்மட்டம் கிட்டத்தட்டத் தட்டையாக நிற்பதால் படிக்கவும் எளிது. பாட்டில்களைப் பிள்ளைகளே கொண்டுவருவார்கள்.

பள்ளி அச்சிட்டுத் தரும் குறிப்பேட்டிலும் மாதிரி விடைத்தாளிலும் 'சர்க்கரை கரைந்தால் நீர்மட்டம் மாறாது' என்ற வரியை நீக்குங்கள். 'உயர்ந்தது' என்று தன் அளவோடு எழுதிய பிள்ளைக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பித் தாருங்கள். ஊதுபத்தி, பலூன் சோதனைகளை விளக்கும் பகுதியையும் திருத்துங்கள்.

வினாத்தாளில் 'பருப்பொருள் – வரையறு', 'அணுவைக் கண்டுபிடித்தவர் யார்' என்பவை வேண்டாம். இரண்டாவதற்கு ஒற்றைச் சொல்லில் விடையே கிடையாது. பதிலாக: செம்புக் கம்பி சூட்டில் நீள்கிறது, செம்பு அணுக்கள் பெரிதாகின்றனவா? கொதிக்கும் நீரின் குமிழிக்குள் இருப்பது என்ன? பலூன் சோதனையில் தராசு குறைத்துக் காட்டியது ஏன்? குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் இத்தகைய கேள்விகளுக்கு இருக்க வேண்டும்.

துகள், அணு, உட்கரு, பருமன் ஆகிய சொற்கள் எந்தப் பாடத்தில் எதைக் குறிக்கின்றன என்று ஒரு பக்கக் குறிப்பை உயிரியல் ஆசிரியர்களோடு சேர்ந்து நாங்கள் எழுதித் தருகிறோம். அதை மூன்று வகுப்புகளுக்கும் அச்சிட்டுக் கொடுக்க ஒப்புதல் தாருங்கள். அலகு தொடங்கும் முன், செய்முறைகளை ஆசிரியர்கள் தாங்களே ஒருமுறை செய்து பார்க்க அரைநாள் ஒதுக்குங்கள்.

காலாண்டுத் தேர்வு வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன் எழுத்தில் பதில் வேண்டும். ஆய்வக மேசையில் ஓர் அளவு ஜாடியும் 50 மி.லி தண்ணீரும் 25 கிராம் சர்க்கரையும் எடுத்து வைத்திருக்கிறோம். குழுவிலிருந்து ஒருவராவது வந்து, கரைத்து, அளந்து பார்த்துவிட்டு அந்தப் பதிலை எழுத வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்களும் ஆய்வக உதவியாளர்களும்